பெருங்குடற் புற்றுநோயும் புரதக் குறிகளும்

பெருங்குடலிற் புற்றுநோய் கண்ட ஒருவருக்குச் சத்திரசிகிச்சை செய்து, வைத்தியர்கள் கட்டியை அகற்றிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். புண் ஆறுகிறது, பசி எடுக்கிறது, அவர் வீடு திரும்புகிறார். அப்பொழுது அவர் உள்ளத்தில் எழும் வினா ஒன்றே. இந்நோய் மீண்டும் வருமா? வருமாயின் எனக்கு எஞ்சியுள்ள காலம் எவ்வளவு? இவ்வினாவுக்கு மருத்துவ விஞ்ஞானம் எவ்வாறு விடை தேடுகிறது என்பதையும், அத்தேட்டத்திற் புரதங்கள் என்னும் உடற்பொருள்கள் எவ்வாறு சாட்சி கூறுகின்றன என்பதையும் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகின்றேன்.

நான் கலைப்பட்டதாரி, மருத்துவம் கற்றவனல்லன். ஆயினும் இவ்விடயத்தை ஆராயவேண்டிய அவசியம் எனக்கு நேர்ந்தது. என்னுடன் ஒரே பாடசாலையிற் பல்லாண்டு கணிதம் கற்பித்து இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர், சத்திரசிகிச்சைக்குப் பின் தம் பரிசோதனை அறிக்கையை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். நோய் இரண்டாம் நிலையில் உள்ளது. நிணநீர்க் கணுக்களில் அது காணப்படவில்லை என்று அவ்வறிக்கை கூறிற்று. அதன்பின் இரண்டு வரிகள். சத்திரசிகிச்சைக்கு முன் இரத்தத்திற் சீ. ஈ. ஏ. என்னும் புரதம் ஒரு மில்லிலீற்றருக்கு 12 நானோகிராம் இருந்தது என்பது ஒன்று. கட்டியில் எம்.எஸ்.எச். 2, எம்.எஸ்.எச். 6 என்னும் இரு புரதங்கள் காணப்படவில்லை என்பது மற்றொன்று.

"கூடாதது கூடியிருக்கிறது, இருக்கவேண்டியது இல்லாமற் போயிருக்கிறது. இரண்டும் கெடுதிதானே, தம்பி?" என்று அவர் கேட்டார். "நான் முப்பது வருடம் சராசரி படிப்பித்தவன். இந்தச் சராசரியில் நான் எங்கே நிற்கிறேன் என்பதை மட்டும் விசாரித்துச் சொல்லும்."

என் பழைய மாணாக்கராகிய வைத்தியர் ஒருவரிடம் கேட்டும், நூல்களைப் படித்தும் நான் அறிந்துகொண்டவற்றை முறையாகக் கூறுகின்றேன்.

பெருங்குடலிலும் நேர்குடலிலும் தோன்றும் புற்றுநோய் உலகில் மிகப் பரவலான புற்றுநோய்களுள் ஒன்று. 2022 ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 19 இலட்சம் பேருக்கு இது புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறக்குறைய 9 இலட்சம் பேர் இதனால் இறந்தனர். இந்நோயாளரின் எதிர்காலத்தை முன்கூட்டி அறிய நெடுங்காலமாகக் கையாளப்பட்டு வரும் அளவுகோல், நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதாகும். 1932 ஆம் ஆண்டில் இலண்டன் செயின்ற் மார்க்ஸ் வைத்தியசாலையில் நோயியல் அறிஞராயிருந்த கத்பேட் டியூக்ஸ் என்பவர் இதனை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவந்தார். கட்டி குடற்சுவருக்குள் அடங்கியிருப்பது முதல் வகை. சுவரைத் துளைத்து வெளிவந்திருப்பது இரண்டாம் வகை. நிணநீர்க் கணுக்களைச் சென்றடைந்திருப்பது மூன்றாம் வகை. இன்று வழங்கும் நான்கு நிலைப் பாகுபாட்டுக்கும் இக்கருத்தே அடிப்படை. ஈரல், நுரையீரல் முதலிய தூரத்து உறுப்புகளுக்கு நோய் சென்றுவிட்டால் அது நான்காம் நிலை.

இவ்வளவுகோல் நல்லதே. ஆயினும் அதற்கு ஒரு குறை உண்டு. ஒரே நிலையிலுள்ள இருவருக்கு, ஒரே வைத்தியரே சிகிச்சை செய்தாலும், ஒருவர் இருபது ஆண்டுகள் நலமாக வாழ்கிறார். மற்றவருக்கு ஈராண்டுக்குள் நோய் திரும்புகிறது. நோய் எவ்வளவு தூரம் நடந்து வந்துள்ளது என்பதை நிலை கூறும். நடந்து வருவது எத்தகைய குணமுடையது என்பதைக் கூறாது. அக்குணத்தை அறிவதற்கே புரதங்களை நாடினார்கள்.

நமது உடல் எண்ணிறந்த கலங்களால் ஆனது. ஒவ்வொரு கலத்தினுள்ளும் நடைபெறும் வேலைகள் யாவற்றையும் செய்பவை புரதங்களே. ஒரு கலம் என்னென்ன புரதங்களை ஆக்குகிறது, எவற்றை ஆக்காது விட்டது என்பதைக் கண்டால், அது எத்தகைய கலம் என்பதை ஒருவாறு அறியலாம். கண்ணுக்குத் தெரியாத புரதத்தைக் காண்பது எங்ஙனம்? இதற்கு உதவுபவை பிறபொருளெதிரிகள். நம் உடலில் அந்நியப் பொருள் புகுந்தால் அதனைத் தேடிப் பற்றிக்கொள்வதற்காக இரத்தத்தில் உண்டாகும் பொருள்கள் இவை. பூட்டுக்கு ஏற்ற திறவுகோல்போல், ஒவ்வொரு பிறபொருளெதிரியும் தனக்குரிய பொருளையே பற்றும். அதனுடன் ஒரு சாயத்தை இணைத்துக் கட்டியின் மெல்லிய சீவல்மீது இட்டால், குறித்த புரதம் உள்ள இடம் நுணுக்குக்காட்டியில் நிறம் பெற்றுத் தோன்றும். இல்லையேல் நிறமின்றி நிற்கும்.

என் நண்பரின் அறிக்கையில் முதலாவதாயிருந்த சீ. ஈ. ஏ. என்னும் புரதத்தின் வரலாறு சுவையானது. கனடா தேசத்தின் மொன்றியல் நகரிலுள்ள மக்கில் பல்கலைக்கழகத்தில் பில் கோல்ட், சாமுவேல் பிறீட்மன் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் 1965 ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர். புற்றுக்கட்டியில் உண்டு, நல்ல இழையத்தில் இல்லை என்று சொல்லத்தக்க பொருள் ஏதாவது உண்டா என்பதே அவர்கள் ஆராய்ந்த வினா. இதற்குக் குடற் புற்றுநோயை அவர்கள் தேர்ந்தெடுத்தது கூர்மையான அறிவு. ஏனெனில் குடற்கட்டியை வெட்டும்போது அதன் இருபுறத்தும் நோயற்ற குடற்பகுதியும் உடன் வரும். ஆகவே ஒரே மனிதரின் நோயுற்ற பகுதியையும் நோயற்ற பகுதியையும் ஒப்பிடலாம்.

கட்டியின் சாற்றை முயல்களுக்கு ஏற்றினார்கள். முயலின் இரத்தத்திற் பலவகைப் பிறபொருளெதிரிகள் உண்டாயின. அவற்றுட் பெரும்பாலானவை சாதாரண மனித இழையத்தையும் பற்றக்கூடியவை. நல்ல குடலின் சாற்றுடன் அவற்றைக் கலந்து, அதனைப் பற்றுவனவற்றையெல்லாம் நீக்கினார்கள். நீக்கிய பின்னும் எஞ்சியவை கட்டியை மட்டும் பற்றின. அவை பற்றிய பொருளைத் தேடியபோது, தாயின் வயிற்றிலுள்ள சிசுவின் குடலிலும் அது இருக்கக் கண்டனர். பிறக்குமுன் பெருமளவில் ஆக்கப்பட்டுப் பின்னர் அடங்கிவிடும் ஒரு புரதத்தைப் புற்றுக்கலம் மீண்டும் ஆக்கத் தொடங்குகிறது. ஆதலின் புற்றுக்கும் முளையத்துக்கும் உரிய பொருள் என்னும் கருத்துப்படப் பெயரிட்டனர். அப்பெயரின் ஆங்கில முதலெழுத்துக்களே சீ. ஈ. ஏ. என்பவை.

1969 ஆம் ஆண்டில் இப்புரதத்தை இரத்தத்தில் அளக்கும் முறையும் வெளிவந்தது. ஒரு துளி இரத்தத்தாற் குடற் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டுவிடலாம் என்று உலகம் மகிழ்ந்தது. அம்மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. நல்ல குடலும் சிறிதளவு சீ. ஈ. ஏ. ஆக்குகிறது என்பது பின்னர் தெரியவந்தது. புகைபிடிப்போரிடத்தும், ஈரல் நோயாளரிடத்தும், குடல் அழற்சியுள்ளோரிடத்தும் அது உயர்ந்து நின்றது. மறுபுறம், தொடக்க நிலையிலுள்ள புற்றுநோயாளர் பலரிடத்து அது உயரவேயில்லை. ஆகவே நோயில்லாதவர் தமக்கு நோய் உண்டா என்று அறிவதற்கு இப்பரிசோதனை ஏற்றதன்று. நேயர்கள் இதனை மனத்திற் பதித்துக்கொள்ளவேண்டும்.

ஆனால், நோய் உறுதியான பின்னர் இப்புரதத்துக்கு ஒரு பயன் உண்டென்பது தெளிவாயிற்று. பொதுவாக ஒரு மில்லிலீற்றருக்கு 5 நானோகிராம் என்பதை எல்லையாகக் கொள்வர். சத்திரசிகிச்சைக்கு முன் அளவு இவ்வெல்லையைத் தாண்டியிருந்தோர், ஒரே நிலையிலுள்ள மற்றவர்களைவிடச் சராசரியாகக் குறைந்த காலமே வாழ்ந்தனர். கட்டி முழுவதும் அகற்றப்பட்டால், ஏறக்குறைய நான்கு முதல் ஆறு வாரங்களுள் அளவு எல்லைக்குள் இறங்கவேண்டும். இறங்காவிடின் எங்கோ நோய் எஞ்சியிருக்கிறது என்று ஐயுறவேண்டும். இறங்கியது மீண்டும் ஏறினால், நோய் திரும்புகிறது என்பதற்கு, நோயாளி எதையும் உணர்வதற்கு முன்னரே அது அறிகுறியாகலாம்.

எனினும் இவ்வெச்சரிக்கையும் பிழை நீங்கியதன்று. 5 நானோகிராம் எல்லையைக் கொண்டு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நோய் திரும்பிய நூறு பேரில் 71 பேரையே அது காட்டியது. நோய் திரும்பாத நூறு பேரில் 12 பேரை வீணே அச்சுறுத்தியது. பிரித்தானியாவில் 39 வைத்தியசாலைகளில் 1,202 நோயாளரைக் கொண்டு நடைபெற்ற ஓர் ஆய்வு 2014 இல் வெளிவந்தது. மிகக் குறைந்த கண்காணிப்பில் இருந்தோருள் நூற்றுக்கு 2.3 பேருக்கே திரும்பிய நோயைக் குணப்படுத்தும் நோக்குடைய சத்திரசிகிச்சை வாய்த்தது. இப்புரதத்தைத் தொடர்ந்து அளந்து வந்தோருள் நூற்றுக்கு 6.7 பேருக்கு வாய்த்தது. மூன்று மடங்குக்குச் சற்றே குறைவு. ஆயினும் மொத்தத்தில் இறந்தோர் தொகையில் தெளிவான வேறுபாடு காணப்படவில்லை. முன்கூட்டி அறிவது ஒன்று. அறிந்ததனால் ஆயுள் நீள்வது வேறொன்று என்பதை இவ்வாய்வு நமக்குக் கற்பிக்கின்றது.

இனி இரண்டாவது வரிக்கு வருவோம். இருக்கவேண்டிய புரதங்கள் இல்லாதது கெடுதி என்றுதான் என் நண்பர் நினைத்தார். நானும் அவ்வாறே எண்ணினேன். உண்மை வேறாக இருந்தது.

அக்காலத்தில் ஏடுகளைப் பெயர்த்தெழுதியபோது எழுத்துப்பிழைகள் நேர்ந்தன. மூலத்துடன் ஒப்புநோக்கித் திருத்துவோர் அப்பிழைகளைக் களைந்தனர். ஒரு கலம் இரண்டாகப் பிரியும்போதும் அவ்வாறே. அதன் பரம்பரைச் செய்தி முழுவதும் படியெடுக்கப்படுகிறது. அதில் நேரும் பிழைகளை எம்.எல்.எச். 1, பீ.எம்.எஸ். 2, எம்.எஸ்.எச். 2, எம்.எஸ்.எச். 6 என்னும் நான்கு புரதங்கள் இவ்விரண்டாகச் சேர்ந்து திருத்துகின்றன. இவற்றுள் ஒன்று கெட்டால் அதன் துணையும் பெரும்பாலும் நிலைப்பதில்லை. திருத்துவோர் இல்லாத ஏட்டிற் பிழை மலிவதுபோல், அக்கலத்திற் பிழைகள் குவிந்து புற்றுநோய் தோன்றுகிறது. குடற் புற்றுநோய்களுள் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து இவ்வகையின.

தோன்றுவதற்குக் காரணமான இக்குறையே பின்னர் நோயாளிக்குத் துணையாகிறது என்பதுதான் வியப்பு. பிழை மலிந்த கலம் உருத்திரிந்த பல புரதங்களை ஆக்குகிறது. அவற்றை உடலின் காவற்படையாகிய வெண்குருதிக் கலங்கள் அந்நியம் என்று எளிதில் இனங்கண்டு கட்டியைச் சூழ்ந்துகொள்கின்றன. ஆதலின் இரண்டாம் நிலையிலுள்ள நோயாளருள், இப்புரதங்கள் இல்லாதோர் ஏனையோரைவிடச் சராசரியாக நீண்டகாலம் வாழ்கின்றனர். அந்நிலையில் அவர்களுக்குப் புளோறோயூறாசில் என்னும் பழைய மருந்தைத் தனியே கொடுப்பதாற் பயன் கிட்டுவதில்லை என்பதும் ஆய்வுகளிற் புலப்பட்டது. வீணான மருந்திலிருந்தும் அவர்கள் விடுபடலாம்.

நோய் தூரப் பரவியவர்களுக்கும் இப்புரதங்களின் குறைவு வழிகாட்டுகிறது. காவற்படையை ஊக்குவிக்கும் பெம்புறோலிசுமாப் என்னும் மருந்து, இவ்வகை நோயாளரிடத்தே சிறப்பாக வேலை செய்வதாக 2015 இல் அறிவிக்கப்பட்டது. 2020 இல் வெளிவந்த ஆய்வில், நோய் முன்னேறாது நின்ற காலத்தின் நடுப்பெறுமானம் வழமையான மருந்துகளால் 8.2 மாதங்கள், இம்மருந்தால் 16.5 மாதங்கள். 2022 இல், நியூயோர்க் நகரில், இதே குறைபாடுள்ள நேர்குடற் புற்றுநோயாளர் பன்னிருவருக்கு இவ்வினத்து மற்றொரு மருந்தை மட்டும் கொடுத்தபோது, பன்னிருவரிடத்தும் கட்டி கண்ணுக்குத் தெரியாது மறைந்தது. எதிர்காலத்தைக் கூறுவதோடு நில்லாமல், எதைச் செய்யவேண்டும் என்பதையும் கூறும் குறியே சிறந்த குறி.

கட்டியைச் சூழும் காவற்கலங்களையே எண்ணிப் பார்த்தால் என்ன என்று பாரிஸ் நகரத்து ஜெறோம் கலோனும் அவர் கூட்டத்தாரும் 2006 இல் ஆராய்ந்தனர். அக்கலங்களின்மேலுள்ள சீ.டீ. 3, சீ.டீ. 8 என்னும் புரதங்களைச் சாயமிட்டு எண்ணி ஒரு புள்ளி வழங்கும் முறை இதிலிருந்து உருவாயிற்று. 13 நாடுகளைச் சேர்ந்த 2,681 நோயாளரிடத்து அது பரிசீலிக்கப்பட்டு 2018 இல் முடிவு வெளிவந்தது. காவற்கலங்கள் செறிந்திருந்தோரிடத்து நோய் திரும்புவது குறைவாயிருந்தது. சீ.டீ.எக்ஸ். 2 என்பது இன்னொரு குறி. குடற்கலம் குடற்கலமாக முதிர்வதற்கு வேண்டிய புரதம் அது. அதனை இழந்த கட்டிகள் கொடியவை என 2016 இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. இரண்டாம் நிலையில் அதனை இழந்தோருள், மருந்து பெற்ற 23 பேரில் நூற்றுக்கு 91 வீதத்தினர் ஐந்தாண்டு நோயின்றி வாழ்ந்தனர். பெறாத 25 பேரில் நூற்றுக்கு 56 வீதத்தினரே அவ்வாறு வாழ்ந்தனர். எண்கள் கவர்ச்சியானவை. ஆயினும் ஆட்டொகை சிறிது; யாருக்கு மருந்து கொடுப்பது என்பதும் சீட்டுக்குலுக்கித் தீர்மானிக்கப்பட்டதன்று. ஆதலால் இதனை இறுதி முடிபாகக் கொள்ளலாகாது.

இவ்வளவு எச்சரிக்கை எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். புகழ்பெற்று மங்கிய குறிகள் பல உண்டு. 1979 இல் கண்டறியப்பட்ட பீ 53 என்னும் புரதத்தைக் குடற் புற்றுநோயிற் பலர் ஆராய்ந்தனர். சிலர் அது தீய குறி என்றனர். சிலர் அதனால் ஒன்றும் விளங்கவில்லை என்றனர். சிறு தொகையினரை ஆராய்ந்ததும், வெவ்வேறு சாயமுறைகளைக் கையாண்டதும் இம்மயக்கத்துக்குக் காரணங்கள். இன்னொரு காரணத்தை ஆசிரியர்கள் எளிதில் விளங்கிக்கொள்வர். விடைத்தாள்களைத் திருத்தி முடித்தபின், தமக்கு வேண்டிய மாணாக்கர் சித்தியெய்தத்தக்கதாகச் சித்திப் புள்ளியை நிர்ணயிக்கும் ஆசிரியரைப் பற்றி நாம் என்ன நினைப்போம்? விளைவைக் கண்டபின் புரதத்தின் எல்லையை வகுப்பதும் அத்தகையதே. இத்தகைய பிழைகளைத் தவிர்ப்பதற்காக, இவ்வாய்வுகளை எவ்வாறு எழுதி வெளியிடவேண்டும் என்ற விதிகளை அறிஞர்கள் 2005 இல் வகுத்தனர்.

இனி என் நண்பரின் வினா. இந்தச் சராசரியில் நான் எங்கே நிற்கிறேன்? அமெரிக்காவில் ஹாவாட் பல்கலைக்கழகத்திலிருந்த ஸ்ரீபன் ஜே கூல்ட் என்னும் உயிரியல் அறிஞருக்கு 1982 இல் வயிற்றறையைப் பற்றிய வேறொரு கொடிய புற்றுநோய் கண்டது. அந்நோயாளர் வாழும் காலத்தின் நடுப்பெறுமானம் எட்டு மாதங்கள் என்று அவர் நூல்களிற் படித்தார். எட்டு மாதத்தில் நான் இறப்பேன் என்று அவர் அதற்குப் பொருள் கொள்ளவில்லை. பாதிப்பேர் எட்டு மாதத்துக்கு மேலும் வாழ்கின்றனர். அவர்களுட் சிலர் மிக நெடுங்காலம் வாழ்கின்றனர் என்று பொருள் கொண்டார். அதனை 1985 இல் ஒரு கட்டுரையாகவும் எழுதினார். அவர் இருபது ஆண்டுகள் வாழ்ந்து 2002 இல் மறைந்தார். அவரைக் கொண்டுசென்றது வேறொரு புற்றுநோய்.

பரீட்சைப் புள்ளிகளைக் கொண்டு ஒரு வகுப்பின் போக்கை நான் முன்கூட்டிக் கூறவல்லேன். ஒரு பிள்ளை என்ன ஆவான் என்று கூறத் துணிந்து பலமுறை தோற்றிருக்கிறேன். புரதக் குறியும் அவ்வாறே. அது கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறது. தனியொருவரின் நாளைக் குறிப்பதில்லை.

நான் இவற்றையெல்லாம் கூற, என் நண்பர் பொறுமையாகக் கேட்டார். "அப்படியென்றால் ஒரு வரி என்னைப் பயமுறுத்துகிறது, மற்ற வரி தேற்றுகிறது" என்றார். அதன்பின் நான் மறைக்கக்கூடாத ஒன்றையும் கூறவேண்டியிருந்தது.

1895 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஒரு தையற்காரப் பெண், தன் குடும்பத்தார் பலரைப்போலத் தானும் குடலிலோ கருப்பையிலோ புற்றுநோய் கண்டே இறக்கப் போவதாக ஒல்டிறெட் வார்தின் என்னும் நோயியல் அறிஞரிடம் கூறினாள். அவள் கூறியவாறே கருப்பைப் புற்றுநோயால் இளமையிலேயே இறந்தாள். வார்தின் அக்குடும்பத்தை ஆராய்ந்து 1913 இல் வெளியிட்டார். பிற்காலத்தில் ஹென்றி லிஞ்ச் என்னும் வைத்தியர் இத்தகைய குடும்பங்களை விரிவாக ஆராய்ந்தார். அவர் பெயராலேயே இப்பரம்பரைக் குறை இன்று வழங்குகிறது. அந்தத் தையற்காரப் பெண்ணின் குடும்பத்திற் கெட்டிருந்தது எம்.எஸ்.எச். 2 என்பதும் பின்னர் தெரியவந்தது.

திருத்தும் புரதங்கள் இல்லாத குடற் புற்றுநோய்களுட் பெரும்பாலானவை முதுமையில் எம்.எல்.எச். 1 அடங்கிப்போவதால் வருபவை; அவை பிள்ளைகளைத் தொடர்வதில்லை. ஆனால் எம்.எஸ்.எச். 2 இல்லாதது பரம்பரைக் குறையாக இருத்தல் கூடும். அவ்வாறாயின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அக்குறை வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு. அக்குறையைப் பெற்றவர் ஓரிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குழாய்க்கருவியாற் குடலைச் சோதிப்பித்து வந்தால், சிறு முளைகளாக உள்ளபோதே அவற்றை அகற்றிவிடலாம்.

என் நண்பர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "நான் என்னுடைய சராசரியைக் கேட்க வந்தேன். நீர் என் பிள்ளைகளின் கணக்கைத் தந்துவிட்டீர்" என்றார். அடுத்த கிழமையே வைத்தியரின் ஆலோசனைப்படி தமக்கும் தம் மகனுக்கும் மகளுக்கும் இரத்தப் பரிசோதனை செய்வித்தார். தந்தையிடம் அக்குறை உண்டென்பது உறுதியாயிற்று. மகனிடம் அது இல்லை, மகளிடம் உண்டு. அவள் இப்பொழுது தவறாது குடற்பரிசோதனைக்குச் செல்கிறாள். முதற் பரிசோதனையிலேயே ஒரு சிறு முளை அகற்றப்பட்டது. தந்தையின் சீ. ஈ. ஏ. ஆறாம் வாரத்தில் எல்லைக்குள் இறங்கிற்று; மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதனை அளந்து வருகிறார்கள்.

நேயர்களே, மலத்துடன் இரத்தம் காணப்பட்டாலோ, மலங்கழியும் பழக்கம் காரணமின்றி மாறி வாரக்கணக்கில் நீடித்தாலோ, நாணங் கருதி மறைக்காது வைத்தியரிடம் செல்லுங்கள். குடும்பத்தில் இளவயதிற் குடலிலோ கருப்பையிலோ புற்றுநோய் கண்டோர் இருப்பின் அதனையும் அவரிடம் கூறுங்கள். ஏற்கெனவே நோய் கண்டவராயின், உங்கள் அறிக்கையிலுள்ள வரிகளின் பொருளைக் கேட்டறியுங்கள். எத்தனை ஆண்டு வாழ்வேன் என்பதற்கு அவ்வரிகள் விடை தாரா. இனிச் செய்யவேண்டியது யாது, யாருக்காகச் செய்யவேண்டும் என்பவற்றுக்குப் பலமுறை விடை தருகின்றன.